வீட்டு ஏ.சி.யை மாற்றும்போது வேலையை யாரிடம் கொடுப்பது?

(லாஸ்பேட்டையில் நடைபெற்ற நம் முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது ஒரு நிபந்தனை போட்டார். "உன் கம்பெனிப் பெருமையெல்லாம் வேணாம்ப்பா. கேட்டுட்டுப் போறவங்களுக்கு நாளைக்கே உதவுற மாதிரி ஒண்ணு பேசு" என்றார். யோசித்துப் பார்த்தேன். நம் சந்திப்புகளில் பழைய கதை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு, சாப்பாட்டுப் பந்தியில் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "மச்சான், வீட்டு ஏ.சி.யை மாத்தணும், நல்ல ஆள் இருந்தா சொல்லேன்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். குளிர்பதன இயந்திரங்களும் என் பொறுப்பில் வருகின்றன. அதனால் இந்தக் கேள்வி எனக்கு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இன்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். நண்பர்கள் "நல்ல ஏ.சி. எது?" என்று என்னிடம் கேட்பதில்லை. "நல்ல ஆள் யார்?" என்றுதான் கேட்கிறார்கள். அனுபவப்பட்டவர்களுக்குக் கேள்வி சரியாகத்தான் வருகிறது. கஷ்டம் என்னவென்றால், கடைக்குப் போனதும் அந்தக் கேள்வி மறந்துவிடுகிறது. மூன்று மணி நேரம் நின்று எந்தக் கம்பெனி, எத்தனை ஸ்டார், என்ன தள்ளுபடி என்று விசாரிக்கிறோம். மாட்டுவதற்கு யார் வருவார் என்று மூன்று நிமிடம்கூடக் கேட்பதில்லை.

பாதி இயந்திரம்தான் பெட்டியில் வருகிறது

வீட்டு ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையிலேயே கேஸ் நிரப்பி, மூடி, சோதித்து அனுப்பிவிடுகிறார்கள். பிளக்கைச் சொருகினால் வேலை முடிந்தது. ஸ்பிளிட் ஏ.சி. அப்படி இல்லை. இரண்டு பெட்டிகளாக வருகிறது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டையும் இரண்டு காப்பர் பைப்புகள் இணைக்கின்றன. ஒவ்வொரு பைப்புக்கும் இரண்டு முனை, ஆக நான்கு இணைப்புகள். இவற்றோடு மின்சார ஒயர், தண்ணீர் வடிகிற டிரெயின் பைப். இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் அது ஓர் இயந்திரம். அது முழுமை அடைகிற இடம் உங்கள் வீட்டுச் சுவர்.

அப்படியானால் மாட்டுகிறவரும் ஓர் உற்பத்தியாளர்தானே? கம்பெனி செய்தது பாதி, இவர் செய்வது மீதி. கம்பெனி செய்த பாதிக்குச் சோதனைச் சாலை இருக்கிறது, ஸ்டார் லேபிள் இருக்கிறது, உத்தரவாதம் இருக்கிறது. இவர் செய்கிற பாதிக்கு என்ன இருக்கிறது? அமெரிக்காவில் குளிர்பதன வாயுவைக் கையாளுகிறவர் தூய காற்றுச் சட்டத்தின் 608-ஆம் பிரிவின்படி தேர்வு எழுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளிலும் அத்தகைய சான்று உண்டு. நம் நாட்டில் ஐ.டி.ஐ.யில் இதற்கென்று தனித் தொழிற்பிரிவு இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டத்தில் ஒரு லட்சம் பணியாளர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஆனாலும் வாசலில் வந்து நிற்கிறவரிடம் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிப் பார்க்கும்படியான உரிமம் எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. அந்தப் பரிசோதனையை நாமே செய்ய வேண்டியிருக்கிறது. எப்படிச் செய்வது என்பதுதான் என் பேச்சு.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

"வருஷா வருஷம் கேஸ் போடணும் சார்" என்று யாராவது சொன்னால் அவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். ஏ.சி.யில் இருக்கிற வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய பைப்புக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

நம் லாஸ்பேட்டை கடலிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. உப்புக் காற்று இங்கே வரைக்கும் வருகிறது. வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தகடு உதிர்ந்தால் வெப்பம் வெளியேறாது, கம்ப்ரஸர் திணறும், மின்கட்டணம் ஏறும். ஆகவே பழையது ஏன் கெட்டது என்று தெரிந்துகொள்ளாமல் புதியது வாங்கக் கூடாது. உப்புக் காற்றால் கெட்டதா, எலி கடித்ததா, மின்னழுத்தம் ஏறி இறங்கியதா, தப்பாக மாட்டியதா? காரணம் அப்படியே இருந்தால் புதியதும் அதே வழியில்தான் போகும். பழையது ஏன் கெட்டது என்று அவராகவே கேட்கிற கான்ட்ராக்டர் முதல் தேர்வில் பாஸ்.

பழையது ஆர்-22 வாயுவில் ஓடுவதாக இருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்பாட்டின் கீழ் அந்த வகை வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டு வருகின்றன. நம் நாட்டில் 2025 தொடக்கத்திலிருந்து புதிய சாதனம் தயாரிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. பழுது பார்க்க மட்டும் சில காலம் கிடைக்கும், அதுவும் குறைந்துகொண்டே போகும்.

எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று பேர்

என் பெற்றோர் லாஸ்பேட்டையில்தான் இருக்கிறார்கள். மாடி அறையில் அப்பா படுப்பார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, மூச்சிரைப்பு உண்டு. மேலே மொட்டை மாடி, பக்கத்தில் மேற்குப் பார்த்த சுவர். அக்னி நட்சத்திரத்தில் அந்த அறை ராத்திரி பதினோரு மணிக்கும் அடுப்பங்கரை மாதிரி இருக்கும். ஏ.சி. அவருக்கு ஆடம்பரம் இல்லை, தூக்கம். அந்தப் பழைய ஏ.சி. நின்றுபோனபோது மூன்று பேரிடம் விலை கேட்டோம். யாருடைய பெயரும் இங்கே வேண்டாம்.

முதலாமவர் வீட்டுக்கே வரவில்லை. போனிலேயே, "ரூம் என்ன சைஸ் சார்? சரி, ஒன்றரை டன் போட்டுடலாம், நாளைக்கே பையனுங்களை அனுப்பறேன்" என்றார். விலையும் மூவரில் குறைவு.

இரண்டாமவர் வந்தார். அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். "மாடி ரூம், வெயில் ஜாஸ்தி. ரெண்டு டன்னா போட்டுடுங்க, கவலையே இல்ல" என்றார். இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

மூன்றாமவர் முப்பது வயதுகூட ஆகாத இளைஞர், ஐ.டி.ஐ. படித்தவர். கையில் டேப் வைத்திருந்தார். அறையை நீளம், அகலம், உயரம் அளந்தார். ஜன்னலை அளந்தார். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "மேல போய்ப் பாக்கலாமாண்ணே?" என்று கேட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். எத்தனை பேர் படுப்பார்கள், பகலில் ஓடுமா, ராத்திரி மட்டுமா என்றெல்லாம் விசாரித்தார். சுவிட்ச் போர்டைத் திறந்து ஒயரின் தடிமனைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் கழித்து அவர் சொன்னது இது: "ரெண்டு டன் வேணாம். மொட்டை மாடிக்கு முதல்ல வெள்ளைப் பூச்சு அடிங்க, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு மறைப்பு போடுங்க. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் போதும்."

அம்மாவுக்குச் சந்தேகம். "இவன் ஏ.சி. மாட்ட வந்தவனா, பெயிண்ட் அடிக்க வந்தவனா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். ஆனால் அவர் சொன்னதுதான் பொறியியல். ஏன் என்று சொல்கிறேன்.

டன் என்பது என்ன கணக்கு?

டன் என்றால் எடை என்று நினைத்து, "இவ்ளோ சின்னப் பெட்டி ஒன்றரை டன்னா?" என்று கேட்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது ஐஸ் காலத்துக் கணக்கு. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம்தான் ஒரு டன். இன்றைய அளவில் ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். சென்னை மெரினாவில் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு கட்டடம், இன்றைய விவேகானந்தர் இல்லம், இருக்கிறதல்லவா? 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைத்த இடம் அது.

டன் கூடினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. நம் ஊரில் வெயிலுக்கு நிகரான எதிரி புழுக்கம். 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்காகத்தான் நவீன ஏ.சி.யை வடிவமைத்தார். அங்கே பிரச்சினை ஈரக் காற்று. காகிதம் உப்பி, ஒரு நிறத்தின் மேல் மறு நிறம் சரியாக உட்காரவில்லை. ஆக, ஏ.சி. பிறந்ததே ஈரத்தை எடுக்கத்தான். அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏ.சி. போட்டால், சீக்கிரமே குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். ஈரத்தை எடுக்கப் போதிய நேரம் ஓடாது. அறை சில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. இன்வெர்ட்டர் வகை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு.

கூரை வழியாக இறங்குகிற வெப்பத்தைக் கூரையிலேயே தடுப்பது ஒரு தடவைச் செலவு. அதை ஏ.சி.யைக் கொண்டு வெளியேற்றுவது ஒவ்வொரு மாதமும் செலவு. இதை வாய்விட்டுச் சொல்கிற கான்ட்ராக்டர் தன் விற்பனையைத் தானே குறைத்துக்கொள்கிறார். அப்படிப்பட்டவரை விடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத அரை மணி நேரம்

இனி மிக முக்கியமான விஷயம். நான்கு இணைப்புகளையும் முடுக்கிய பிறகு பைப்புக்குள் என்ன இருக்கும்? சாதாரணக் காற்று. நம் ஊர்க் காற்று என்றால் ஈரம் நிறைந்த காற்று. அதை வேக்கம் பம்ப் போட்டு முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். அழுத்தம் குறையக் குறைய, தண்ணீர் சாதாரண அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவியையும் பம்ப் இழுத்துவிடும். வளிமண்டல அழுத்தம் 7,60,000 மைக்ரான் என்றால், நாம் இறக்க வேண்டியது 500 மைக்ரான் அளவுக்கு. பிறகு பம்பை நிறுத்தி, மீட்டர் அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால், கசிவு இருக்கிறது அல்லது ஈரம் மிச்சம் இருக்கிறது.

இதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் பம்ப் ஓடுவதைத் தவிர வேறெதுவும் நடப்பதாகத் தெரியாது. அதனால்தான் அவசரத்தில் முதலில் விடுபடுவது இந்த வேலை. பம்ப் கொண்டு வராதவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். வெளி யூனிட்டின் வால்வைச் சற்றே திறந்து, உள்ளே இருக்கிற கேஸை விட்டே காற்றைத் தள்ளி வெளியேற்றுவது. புஸ்ஸென்று சத்தம் வரும், "ஏர் எடுத்தாச்சு சார்" என்பார்கள். காற்று ஓரளவு போகும், ஈரம் போகாது. இன்றைய ஏ.சி.களில் இருக்கிற கம்ப்ரஸர் எண்ணெய் ஈரத்தைத் தேடி உறிஞ்சும். நாளாவட்டத்தில் அமிலமாகிக் கம்ப்ரஸர் சுருளை அரிக்கும். அன்றைக்கு ஏ.சி. நன்றாகத்தான் குளிரும். இரண்டு மூன்று வருடம் கழித்து நிற்கும்போது, "இந்தக் கம்பெனியே இப்படித்தான்" என்று கம்பெனியைத் திட்டுவோம்.

ஆகவே ஒரே ஒரு கேள்வி கேட்க நேரம் இருந்தால் இதைக் கேளுங்கள்: "வேக்கம் பம்ப் கொண்டு வருவீங்களா? எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க? மீட்டரைக் காட்டுவீங்களா?" நல்ல தொழிலாளிக்கு இந்தக் கேள்வி சந்தோஷம் தரும். எங்கள் வீட்டில் அந்த இளைஞர் மீட்டரை அப்பாவிடம் காட்டி விளக்கினார். அப்பாவுக்கு மைக்ரான் புரியவில்லை, ஆள் புரிந்தது.

பழைய பைப்பையே வைத்துக்கொள்ளலாமா என்பதும் இதோடு சேர்ந்தது. பழையது ஆர்-22 என்றால் பைப்புக்குள் வேறு வகை எண்ணெய் ஒட்டியிருக்கும். புதிய ஆர்-32, ஆர்-410ஏ வாயுக்களின் அழுத்தம் அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். சுவருக்குள் புதைத்த பழைய பைப்பைச் சுத்தம் செய்யாமல், நைட்ரஜன் கொண்டு அழுத்தச் சோதனை செய்யாமல், "அப்படியே கனெக்ட் பண்ணிடலாம்" என்று சொல்கிறவரிடம் எச்சரிக்கை தேவை. சோதனைக்கு ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்து வருகிறவரை அந்த நிமிடமே நிறுத்துங்கள். ஆக்சிஜனும் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

இன்று பெரும்பாலான புதிய வீட்டு ஏ.சி.களில் ஆர்-32 இருக்கிறது. அது மெல்ல எரியக்கூடிய வகை. சிலவற்றில் ஆர்-290, அதாவது புரொப்பேன். பூமியைச் சூடாக்கும் தன்மை அதற்கு மிகமிகக் குறைவு, ஆனால் எளிதில் தீப்பற்றும். முறைப்படி மாட்டினால் பயப்பட வேண்டியதில்லை. எந்த அளவு அறைக்கு எவ்வளவு வாயு என்று கணக்கு உண்டு. ஆனால் பீடி பற்ற வைத்துக்கொண்டே கேஸ் திறக்கிறவர், கேஸ் இருக்கிற பைப்பில் பற்றவைப்பு டார்ச்சைக் காட்டுகிறவர், ஆர்-22க்கு உண்டான பழைய இயந்திரத்தில் எரியும் வாயுவை நிரப்பித் தருகிறேன் என்கிறவர், இவர்கள் மூவரையும் வீட்டுக்குள் விடக் கூடாது.

பழையதைக் கழற்றுவதிலும் ஆபத்து உண்டு. கேஸை வெளி யூனிட்டுக்குள் திரும்ப இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கேஸை வெளியே திறந்துவிடுவது தவறு. இழுக்கும்போது பைப் தளர்ந்து, ஓடுகிற கம்ப்ரஸருக்குள் காற்று புகுந்தால் அது வெடிக்கக்கூடும். உரிய நேரத்தில் கம்ப்ரஸரை நிறுத்தத் தெரிந்தவர் கையில்தான் இந்த வேலை இருக்க வேண்டும்.

இன்னொன்று, உயரம். இரண்டாம் மாடி சன்ஷேடில் ஒரு பையன் கயிறும் இல்லாமல் பெல்ட்டும் இல்லாமல் நிற்பான். கையில் முப்பது நாற்பது கிலோ யூனிட். கீழே நின்று நாம், "பாத்துப்பா, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருப்போம். "பார்த்து" என்ற சொல் யாரையும் தாங்காது. பாதுகாப்பு பெல்ட் கொண்டு வருவீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். விலைப் பட்டியலில் அதற்குத் தனியாகக் காசு கேட்டால் மறுக்காமல் கொடுங்கள்.

வெளி யூனிட்டை எங்கே வைப்பது என்பதையும் கான்ட்ராக்டரோடு சேர்ந்து நின்று முடிவு செய்யுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நம் பக்கத்துக் கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டது. தரையில் வைத்த யூனிட்டுக்கு அப்படிப்பட்ட நாளில் என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை. தாழ்ந்த பகுதி என்றால் உயரத்தில், துருப்பிடிக்காத ஸ்டாண்டில், பின்னால் காற்றுப் போக இடம் விட்டு, சர்வீஸுக்கு ஆள் நிற்க இடம் விட்டு வைக்க வேண்டும்.

எழுத்தில் வாங்குங்கள்

நம்பிக்கை வேறு, எழுத்து வேறு. குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். அதில் கீழ்க்கண்டவை தனித்தனியாக இருக்க வேண்டும்.

1. ஏ.சி.யின் மாடல் எண், டன், ஸ்டார். ஸ்டார் லேபிளில் ஆண்டையும் பாருங்கள். 2018-இலும் 2022-இலும் அளவுகோலைக் கடுமையாக்கினார்கள். பழைய ஆண்டின் 5 ஸ்டாரும் புதிய ஆண்டின் 5 ஸ்டாரும் ஒன்றல்ல. லேபிளில் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் மின்சாரம் என்று போட்டிருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணை.

2. காப்பர் பைப் எத்தனை மீட்டர் இலவசம், அதற்கு மேல் மீட்டர் என்ன விலை, பைப்பின் தடிமன் என்ன. "எக்ஸ்ட்ரா பைப்" என்ற பெயரில்தான் கடைசி நேரத்தில் பில் ஏறுகிறது.

3. ஸ்டாண்ட், சுவர்த் துளை, டிரெயின் பைப், ஒயர். ஒன்றரை டன்னுக்குப் பொதுவாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், தனி எம்.சி.பி., சரியான எர்த். எர்த் இல்லாத இணைப்புக்கு ஒத்துக்கொள்கிறவர் வேண்டவே வேண்டாம்.

4. வேக்கம், கசிவுச் சோதனை ஆகியவை செய்யப்படும் என்ற ஒரு வரி.

5. பழையதற்கு என்ன விலை, அது எங்கே போகும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பழைய ஏ.சி. முறையான மறுசுழற்சிக்குப் போக வேண்டும்.

6. வரி சேர்த்த பில். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பில் இல்லாமல் வாங்கி மிச்சம் பிடித்தால், பிற்பாடு உத்தரவாதம் கேட்கவோ நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவோ கையில் எதுவும் இருக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

7. வேலைக்கு எத்தனை மாதம் உத்தரவாதம், கூப்பிட்டால் யார் வருவார்.

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். உள் யூனிட்டின் டிரெயினில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தடையில்லாமல் வெளியே வடிய வேண்டும். கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடிய பின், உள்ளே இழுக்கிற காற்றுக்கும் வெளியே விடுகிற காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் சுமார் 8 முதல் 12 டிகிரி இருக்க வேண்டும். சாதாரணத் தெர்மாமீட்டரே போதும்.

பேரம் பேசும்போது எது குறைகிறது?

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம், அடுத்தே தெரிந்து வினையாடல் என்று இன்னோர் அதிகாரம். ஆளை ஆராய்ந்து நம்புவது ஒன்று, தகுந்த வேலையை அவரிடம் ஒப்படைப்பது மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். நாம் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாகப் பேரத்துக்குப் போய்விடுகிறோம்.

ஏ.சி.யின் விலையில் ஆயிரம் ரூபாய் குறைத்தால் அது கடைக்காரரின் லாபத்திலிருந்து குறைகிறது. மாட்டுகிற கூலியில் ஐந்நூறு ரூபாய் குறைத்தால் எங்கிருந்து குறையும்? காப்பர் பைப்பைக் குறைக்க முடியாது, நமக்குத் தெரிந்துவிடும். ஸ்டாண்டைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது நேரம் ஒன்றுதான். ஒரு நாளைக்கு இரண்டு வீடு செய்ய வேண்டியவர் நான்கு வீடு செய்தால்தான் கட்டும். அப்போது அந்த அரை மணி நேர வேக்கம் போய்விடும், பெல்ட் மாட்டுகிற ஐந்து நிமிடம் போய்விடும். நாம் மிச்சம் பிடித்ததாக நினைக்கிற ஐந்நூறு ரூபாய், ஒரு பக்கம் நம் கம்ப்ரஸரின் ஆயுளிலிருந்தும் மறுபக்கம் அந்தப் பையனின் பாதுகாப்பிலிருந்தும் எடுத்தது. எங்கள் வீட்டில் மூன்றாமவரின் விலை முதலாமவருடையதைவிட நாலாயிரம் ரூபாய் அதிகம். அப்பா பேரம் பேச வாயெடுத்தார். "முக்கால் மணி நேரம் அளந்தவருக்கு அதற்கும் சேர்த்துத்தான் விலை" என்றேன். ஒத்துக்கொண்டார்.

இங்கே இருக்கிற மாணவத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் பெரிய நிறுவனங்களுக்குப் போவீர்கள், போக வேண்டும். ஆனால் நம் லாஸ்பேட்டையில் மட்டும் வருடா வருடம் எத்தனை மாடி எழும்புகிறது, எத்தனை ஏ.சி. ஏறுகிறது என்று பாருங்கள். அளந்து, கணக்குப் போட்டு, எழுத்தில் விலை கொடுத்து, சொன்னதைச் செய்கிற பொறியாளருக்கு இங்கே வேலை கொட்டிக் கிடக்கிறது. வெப்ப இயக்கவியல் வகுப்பில் நீங்கள் வரைகிற அழுத்த-வெப்ப வரைபடம் தேர்வோடு முடிவதில்லை, ஒரு பெரியவர் மே மாத ராத்திரியில் நிம்மதியாகத் தூங்குவதில் வந்து முடிகிறது. படிப்போடு கொஞ்சம் முதலீடும் பொறுமையும் சேர்த்து, பயிற்சி பெற்ற ஐ.டி.ஐ. இளைஞர்களைக் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டு தொழில் தொடங்குங்கள். அவர்களைப் "பையனுங்க" என்று சொல்லாமல் பெயர் சொல்லி அழையுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் உறுப்பினர்கள் வீட்டில் வேலை செய்து, ஒரு கோடைக்காலமாவது தாண்டிய நல்ல தொழிலாளர்களின் பட்டியல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைத்தால் என்ன? ஏ.சி.க்கு மட்டுமல்ல, எலெக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோருக்கும். அவர்களுடைய சம்மதத்தோடு, யார் வீட்டில் என்ன வேலை செய்தார் என்ற குறிப்போடு வைக்கலாம். நல்ல வேலைக்கு நல்ல பெயர் கிடைக்கும். பந்தியில் என்னைக் கேட்கிற நண்பர்களுக்கும் பதில் கிடைக்கும், நானும் நிம்மதியாக வடை பாயசம் சாப்பிடுவேன்.